லூப் வைத்த தொப்பி

"தொப்பி ஏதாவது வச்சிருக்கீங்களா? தலை வெளிய தெரியுது" என்று நர்ஸ் கேட்டதும் தையல்காரன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். முதலில் வந்தது இஞ்ச் டேப். குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்து வந்தது தொப்பி. வெள்ளைப் பனியன் துணி, ஒரு ஆரஞ்சுப் பழத்துக்கு அளவாக இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு லூப்.

பிள்ளைகள் பிறந்த சின்ன ஆஸ்பத்திரிக்காக ஆளுக்கொன்றாகத் தைத்ததில் ஒன்று அது. குறைமாதத்தில் அவனுக்குப் பிறந்த இரட்டைப் பெண்கள். அங்கே மூக்கில் சன்னக் குழாய் வைத்து, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டிருந்தார்கள். தண்ணீர் கொப்பளித்தால் காற்று ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். குழாய் நழுவாமல் பிடிக்கத் தொப்பியில் லூப் வேண்டும் என்றார்கள்.

"உங்க சட்டைப் பட்டன் மாதிரி ஆயிடப் போகுது மாமா" என்றான் அப்போது மைத்துனன்.

வாடிக்கையாளர் வாசல் தாண்டுவதற்குள் பட்டன் உதிரும் கடை அது. இந்த லூப்புக்கு மட்டும் அவன் நாலு தரம் தையல் ஓட்டினான்.

மறுநாளே அங்கிருந்த இரண்டு கருவிகளில் ஒன்று மக்கர் செய்தது. ஒருத்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும்.

"ரெண்டும் ஒரே நிலைமைதான். எதை அனுப்பலாம், சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மனைவி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அவளைக் கேட்காமல் நூல் கலர்கூட எடுக்கத் தெரியாதவன், சின்னவளைக் காட்டினான். பெரிய இடம், பெரிய மெஷின். இளைத்தவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய். "இங்க தொப்பியெல்லாம் போடறதில்லீங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். பாட்டில் இல்லை, கொப்பளிப்பு இல்லை. மெஷின் மட்டும் உஸ் உஸ் என்றது. அங்கே மூக்கில், இங்கே வாயில், எது சரி என்று கேட்டான்.

"ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு பழக்கம்" என்றார் இந்த டாக்டர்.

இன்று காலை சின்னவளுக்கு எல்லாம் முடிந்த பிறகு, அவரிடமே மறுபடி போய் நின்றான்.

"அங்கயே விட்டிருந்தா, சார்..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்ல முடியாதுங்க." அதைத் துடைத்துக்கொண்டே, "அங்க இருக்கறவ எப்படி இருக்கா?" என்றார்.

"கொப்பளிச்சுட்டு இருக்கா, சார்."

இப்போது வராந்தாவில் மைத்துனன் மெதுவாகச் சொன்னான். "அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம். எந்தப் பிள்ளையை அனுப்பறதுன்னு யார் சொன்னதுன்னு கேக்கறாளாம்."

தையல்காரன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"போடுங்க மாமா. நேரமாகுது."

"லூப் எதுக்குடா இனிமே?"

பெஞ்சில் உட்கார்ந்து, சாவிக்கொத்தில் தொங்கிய குட்டிக் கத்தரியால் பிரிக்க ஆரம்பித்தான். முதல் லூப் ஒருவழியாக வந்தது. இரண்டாவது அசையவில்லை. கத்தரி நுனி வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான்.

"வரலையா மாமா?"

"கெட்டியாத் தச்சுட்டேன்டா" என்றான். வாயில் நூல் இருந்தது.