லக்கிக்கு ஒரு அழுகல் தேங்காய்

செங்கல்வராயனை முதன்முதலில் லக்கி என்று கூப்பிட்டவர் எங்கள் ஃபோர்மேன் தானியேல். பெரம்பூர்க்காரர். அடிபட்டவனுக்குப் போட எங்கள் கம்பெனியில் களிம்பு கிடையாது. அடிபடாமல் தப்பியவனுக்குச் சொல்ல மட்டும் அவரிடம் இங்கிலீஷ் வார்த்தைகள் நிறைய இருந்தன.

கும்மிடிப்பூண்டியில் வயலைத் தூர்த்துக் கொட்டகை போட்டு, இரும்பு உருக்க ஆரம்பித்திருந்த எழுபத்து மூன்றாம் வருஷம் அது. கூரையில் போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்த செங்கல்வராயன் கால் தவறி விழுந்தான். கீழே ஒரு லாரி மணல், உப்பு மணல் என்று திருப்பி அனுப்புவதற்காக நின்றிருந்தது. அதில் விழுந்து புதைந்தான். டிரைவர் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எளாவூர் செக்போஸ்ட்டில் கம்பியால் குத்திப் பார்த்தபோது மணல், "ஐயோ" என்றது.

"மணலுக்கு பில்லு கீது. இந்த ஆளுக்கு எங்கய்யா பில்லு?" என்று கேட்டாராம் செக்போஸ்ட்டு ஆள்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தவனைப் பார்த்து தானியேல், "லக்கி!" என்றார்.

அடுத்த முறை கிரேன் கொக்கி வீசி வந்து அவன் தலைப்பாகையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உத்திரத்தில் மாட்டியது. அதில் ஒரு மைனா குடும்பம் நடத்தியது. நம்பாதவர்கள் மைனாவைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு தானியேல் "ப்ளெஸ்டு" என்றார். பிறகு ஒருநாள் கரண்ட் அடித்தது. பொங்கல் வரைக்கும் அவன் கையில் எடுத்த டார்ச் லைட்டு பேட்டரி இல்லாமலே எரிந்தது. அதற்கு "சார்ம்டு லைஃப்" என்றார்.

"அப்டின்னா இன்னா சார்?"

"மந்திரிச்சு வுட்ட உசுருப்பா. ஒண்ணும் ஆவாது."

அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. பாரம் தூக்கும் கம்பிக் கயிறு பழசு. கம்பிகள் பிரிந்து துடைப்பக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மாற்றச் சொல்லிக் கேட்டோம். "லக்கி இருக்கும்போது புதுக் கயிறு எதுக்குப்பா?" என்றார் தானியேல். திங்கட்கிழமை காலையில் பாரம் ஏற்றும் முன் செங்கல்வராயன் கொக்கியில் உட்கார்ந்து கூரை வரைக்கும் போய் இறங்க வேண்டும். அவனைத் தாங்கினால் அந்த வாரம் எதையும் தாங்கும். கைராசிக்காரர் போணி பண்ணினால் கடை ஓடும் என்று நம்புகிற ஊர்தானே, நாங்களும் நம்பினோம்.

நம்பாதவள் அவன் பெண்சாதி கனகாம்பாள். எனக்குப் பக்கத்து வீடு, நடுவில் ஓலைத்தட்டி. பேசுவதெல்லாம் காதில் விழும்.

"வேற வேல கேளுய்யா."

"கேட்டம்மே. லக்கி எறங்கிட்டா கம்பெனியே படுத்துடும்றாரு."

"நீ லக்கி இல்லாம பூட்டா வுட்டுடுவாங்களா?"

"அது இன்னா சொக்காயா, கயட்டி ஆணியில மாட்ட?"

விளக்கை ஊதி அணைக்கிற சத்தம் கேட்டது.

ஆயுத பூஜைக்குத் தேங்காய் உடைப்பது லக்கியின் கை. வாங்கி வருவது அவன் வீட்டு வேலை. கவரைப்பேட்டைக் கடையில் அவளுக்குப் பின்னால் நான் வெற்றிலைக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு தேங்காயாகக் காதருகில் ஆட்டிப் பார்த்து, கடைக்கார அங்காளம்மாள் ஓரமாகத் தள்ளி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள்.

"அத்த எடுக்காதம்மா. அய்கினது."

"அதான் வோணும்."

"இன்னாத்துக்கு?"

"மாட்டுக்கு."

மாடு தேங்காய் தின்று நான் பார்த்ததில்லை. அவள் வீட்டில் மாட்டையும் பார்த்ததில்லை.

பூஜையன்று செங்கல்வராயன் ஓங்கி உடைத்தான். முன்வரிசை இரண்டடி பின்னால் போனது. தானியேல் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதற்கு அவரிடம் இங்கிலீஷ் வார்த்தை இல்லை. "ராசி பூடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் நின்றிருந்த கனகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

அடுத்து பூசணிக்காய். உள்ளே குங்குமமும் சில்லறையும் வைத்து உடைத்தார்கள். ஒரு நாலணா எகிறி, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, நிதானமாக ஒருவனுடைய சட்டைப் பையில் வந்து உட்கார்ந்தது. அவன் முனுசாமி, கனகாம்பாளின் தம்பி. ஆடியில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

"ஓ! லக்கி!" என்று கத்தினார் தானியேல். எல்லோரும் கைதட்டினோம்.

"யக்கா, பாத்தியா! மாமா போஸ்ட்டு இனிமே எனுக்கு!" என்று பல்லைக் காட்டினான் முனுசாமி.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டில் அவனிடம் மன்றாடினாள். "போக்கா, மாமாக்கே ஒண்ணும் ஆவல, எனக்கா ஆவப் போவுது?" என்றான். வாழ்நாளில் யாரும் அவனுக்காகக் கைதட்டியதில்லை.

திங்கட்கிழமை காலையில் கேட்டருகே வந்து நின்றாள்.

"சார், ஒரு வார்த்த."

"இன்னாம்மா? சீக்கிரம் சொல்லு."

கொக்கிக்குப் பக்கத்தில் தம்பி நின்றான். அவனுக்குப் பின்னால், ஒரு வருஷத்துக்குப் பிறகு திங்கட்கிழமையில் தரையில் நிற்கிற சந்தோஷத்தில், புருஷன் நின்றான். அழுகல் என்று தெரிந்தே தேங்காயை நான்தான் வாங்கினேன் என்று அவள் சொன்னால் போதும், தம்பி தப்பிவிடுவான். புருஷன் ஏறுவான். அவள் இந்த முகத்தைப் பார்த்தாள், அந்த முகத்தைப் பார்த்தாள்.

"கயித்தப் பாருங்க சார். கயித்த மாத்துங்க சார்."

"கயிறு நல்லாத்தாம்மா கீது. பையன் லக்கி."

முனுசாமி ஏறினான். கூரைக்குக் கிட்டே போய் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். கயிறு அறுந்தது.

அன்றைக்கு மணல் லாரி வரவில்லை.

சாக்குப் போட்டு மூடிய பிறகு தானியேல் செங்கல்வராயன் தோளில் கை வைத்தார். "நீ போயிருக்க வேண்டியதுப்பா. தேங்கா அய்கி உன்னக் காப்பாத்திக்கீது. யூ ஆர் லக்கி, மேன்." எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அழுகல் தேங்காய்க்கு அவ்வளவு மகிமை இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கருமாதி முடிவதற்குள் புதுக் கயிறு வந்துவிட்டது. புதுசு ஆயிற்றே, யார் முதலில் ஏறுவது? தானியேலே வீட்டுக்கு வந்து செங்கல்வராயனை அழைத்தார். புதுக் கயிற்றுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி கவரைப்பேட்டை. மறுபடி நான் அவள் பின்னால். அங்காளம்மாள் கேட்டாள்: "மாட்டுக்காம்மா, பூசைக்கா?"

கனகாம்பாள் ஓரத்தில் கிடந்த தேங்காயை எடுத்தாள். காதில் வைத்து ஆட்டினாள். தண்ணீர் சத்தம் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், எனக்குப் பின்னால் வந்தவர்கள் முணுமுணுக்கும் வரைக்கும். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன், லக்கி இறங்கினால் அடுத்து ஏறுகிறவன் நானாகவும் இருக்கலாம் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தேங்காயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை தேங்காய் இல்லாமலே செங்கல்வராயன் ஏறினான். புதுக் கயிறு முனகக்கூட இல்லை. கீழேயிருந்து தானியேல் கைதட்டி, "சார்ம்டு! சார்ம்டு!" என்றார். நாங்களும் தட்டினோம். கொக்கியில் உட்கார்ந்திருந்தவன் எங்களைப் பார்க்கவில்லை. கேட்டுப் பக்கம் பார்த்தான்.

அங்கே யாரும் வந்து நிற்கவில்லை.