நஸீறா கேட்காத நெருப்பு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பக்கத்து வளவில் இருக்கும் நஸீறா, போன நோன்பு மாதத்தில் ஒரு பழைய கொப்பித் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன், எண்பத்து மூன்றில், வெலிமடையிலிருந்து கல்முனைக்குக் குடிபெயரும்போது அவளுடைய கணவன் மீராசாஹிபு போட்ட மாதச் செலவுக் கணக்கு அது. அரிசி, பால்மா நாலு டின், மண்ணெண்ணெய், சீனி, சவர்க்காரம், நுளம்புவலை. ‘விறகு, அறுபது ரூபா’ என்ற வரி மட்டும் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது.

“டீச்சர், நீங்க கதை எழுதுறீங்களாமே. இதையும் எழுதுங்க.”

“இதுல என்னத்த எழுத?”

“மதினி நெருப்புத் தரல்ல எண்டு எழுதணும்.”

மதினி என்றது கணவனின் அக்காவை, ராத்தா சுபைறாவை. இந்தக் கணக்குக்குள் ஐந்து மாதக் குழந்தை ஒன்றும் இருக்கிறது, பெயர் மஸீதா. அவள் பிழைப்பாளா என்பதுதான் கதை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பிறகு என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

2

‘வெலிமடை மலைகளில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு...’

(வேண்டாம். வேலை போனவன் வீட்டில் பனியை யார் பார்த்தார்கள்?)

‘கடலை முதன்முதலாகக் கண்டபோது நஸீறாவின் மனம்...’

(இதுவும் வேண்டாம். பஸ்ஸில் அவள் குழந்தையின் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையாம்.)

நேராகவே சொல்கிறேன். மீராசாஹிபு பதினொரு வருஷம் கணக்கெழுதிய கடை யூலைக் கலவரத்தில் எரிந்தது. முதலாளி தமிழர், உயிரோடு தப்பினார், அவ்வளவுதான். மீராசாஹிபுவுக்கு மிஞ்சியது ஒரேயொரு பெருமை, தன் கணக்குப் பிழைக்காது என்பது. பிஸ்கட் பெட்டியின் மேல் தாளை வைத்து அவன் எழுத, நஸீறா பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

“விறகை ஏன் வெட்டுறீங்க?”

“அங்க போய்க் குளிரா காயப் போறம்? ஊரே சுடுது. சமையலுக்கு ராத்தாட அடுப்பு இரிக்கி.”

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெலிமடையில் அடுப்பு விடிந்தால் படுக்கும்வரை எரியும், குளிருக்காக. அதன் மேல் ஒரு கேத்தல் எப்போதும் இருக்கும். கொதிநீருக்கென்று யாரும் தனியாகச் செலவு எழுதியதில்லை. எழுதாத செலவு கண்ணில் படுவதேது?

3

சுபைறாவைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

முதற்பிரதியில் அவளுக்கு ஓங்கிய குரலும் இடுப்பில் சாவிக்கொத்தும் கொடுத்திருந்தேன். பிறகு அவளைப் போய்ப் பார்த்தேன். சாவிக்கொத்து இல்லை. குரலும் அவ்வளவு பெரிதில்லை.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கல்யாணம் முடித்தால் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். உம்மாவின் வீடு சுபைறாவுக்குச் சீதனமாக எழுதி எத்தனையோ வருஷம். பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பி வரும் தம்பிக்கு அங்கே பாத்தியதை எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் சுபைறா பின்பக்கச் சாய்ப்பை ஒதுக்கிக் கொடுத்தாள், வாடகை என்ற பேச்சே எடுக்கவில்லை.

அடுப்பு மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். காலையில் ஒருக்கால், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒருக்கால். சமைத்து முடிந்ததும் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவாள். அவள் மட்டுமல்ல, கச்சான் வீசும் மாதங்களில் கிடுகுக் கூரைக் குசினி வைத்திருக்கும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தக் காற்றில் ஒரு பொறி போதும், தெருவே போய்விடும்.

(இதைக் கெட்ட குணம் என்று எழுத என்னால் முடியவில்லை.)

4

கலவரத்துப் பயத்தில் நஸீறாவுக்குப் பால் வற்றிவிட்டது. மஸீதா போத்தல் பால்தான் குடித்தாள்.

வந்த மறுநாள் பத்து மணிக்குக் குழந்தை அழுதபோது, பால் கரைக்கக் கொதிநீர் வேண்டி நஸீறா குசினி வாசலில் போய் நின்றாள். அடுப்புச் சாம்பல் ஈரமாகக் கிடந்தது. கேட்டால் மதினி மூட்டித் தரக்கூடும். ஆனால் வீடு அவளுடையது, விறகு அவளுடையது, ஊர்கூட அவளுடையது. இவர்களோ விறகுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. நாளைக்குக் கேட்போம் என்று திரும்பிவிட்டாள். அதற்கடுத்த நாள் காலையில், அடுப்பு எரியும்போதே முழுநாள் பாலையும் ஒரேயடியாகக் கரைத்து, மூடி, நிழலில் வைத்தாள். வெலிமடையில் காலைப் பால் பின்னேரம்வரை தாங்கும்.

மத்தியானம் பாலை முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் மாறியிருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கீழே ஊற்றினால் நாலு டின் மாதக் கடைசிவரை வராது, அவருடைய கணக்குப் பிழைத்துவிடும். அவள் போத்தலில் நிறைத்துக் கொடுத்தாள்.

(இந்த இடத்தில் அவளைக் குற்றம் சொல்லும் ஒரு வசனத்தை மூன்று தரம் எழுதி, மூன்று தரமும் அழித்தேன்.)

மறுநாள் குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. “சூட்டுக்குத்தான், பழகிரும்,” என்றான் மீராசாஹிபு. சுபைறா குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள்.

“குளிர் ஊருப் புள்ளைக்குச் சூடு புடிச்சிரிக்கி. பொறு, வெந்தயம் அவிச்சித் தாறன்.”

நேரம் கெட்ட நேரம், நடுப்பகல். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தானாகவே அடுப்பை மூட்டினாள். நஸீறா பின்னால் நின்று அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் பாலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

5

இனி முடிவுகள்.

நடந்தது இது. வந்த ஐந்தாம் நாள் குழந்தையின் கண் குழி விழுந்துவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு செருப்புமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் சுபைறா. அங்கே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு மஸீதாவின் மூச்சு நின்றது, மவுத்தானாள். நஸீறாவிடம் நெருப்பு இல்லையென்று யாரும் சொன்னதில்லை. அவள் யாரிடமும் கேட்டதுமில்லை.

நஸீறா கேட்ட முடிவையும் எழுதினேன். அதில் அவள் நெருப்புக் கேட்கிறாள், சுபைறா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் சுபைறா மூன்று வளவு தள்ளி உயிரோடு இருக்கிறாள், இன்றைக்கும் மீன் வாங்கினால் பாதியை இவளுக்கு அனுப்புகிறாள். பொய்யை அவள் தலையில் வைத்துவிட்டு நான் எப்படி அந்தத் தெருவால் நடப்பேன்?

ஆகவே மூன்றாவதாக ஒன்று எழுதினேன், நஸீறாவின் மனம் ஆறட்டும் என்று. அதை இன்று அவளுக்கே வாசித்தும் காட்டினேன்.

‘“மதினி, பாலுக்குக் கொஞ்சம் தண்ணி கொதிக்க வெக்கட்டா?” என்று நஸீறா கேட்டாள். “இதுக்கும் கேக்கணுமா புள்ள?” என்றபடி சுபைறா சுள்ளியை எடுத்தாள். மஸீதாவுக்கு இப்போது ஐந்து வயது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு...’

அந்த இடத்தில் நஸீறா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

“அப்ப, நான் கேட்டிருந்தா தந்திருப்பாவா, டீச்சர்?”

முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். சொந்தக் கதையில் ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லாதவள் நான், என்னை நம்பிப் பிரயோசனமில்லை. இவ்வளவையும் வாசித்தவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள் அவளுக்கு: ஓமா, இல்லையா?