யூதாசுக்கு ஒரு திட்டு

எங்கள் ஊரில் யூதாசாக நடித்தவனை மாதக்கணக்கில் திட்டுவார்கள். டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில். அதுதான் விருது. இயேசுவாக நடித்தவனுக்குக்கூட அந்தப் புகழ் கிடையாது.

ஆவூர்ப் பக்கம் எங்கள் பங்குக் கோயில் நடத்தும் இளையோர் கலைப்பள்ளியில் நான் எப்போதும் கூட்டத்தில் ஒருவன். இந்த ஆண்டு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் ரீட்டா டீச்சர் என்னை யூதாசாகப் போட்டார். கண்ணாடி முன் நின்று கண்ணைச் சுருக்கி முறைத்துப் பழகினேன். அம்மா பயந்துபோய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தாள்.

நாடக நாள்.

விளக்கு மங்கியது. தபேலா படபடத்தது. இயேசு வேடத்தில் நின்ற வசந்தை நெருங்கினேன். காட்டிக்கொடுக்கும் முத்தம். ஊரே மூச்சைப் பிடித்தது.

முத்தமிட்டேன். நிமிர்ந்தேன். தாடையில் ஜில்லென்று காற்று பட்டது.

என் ஒட்டுத்தாடி வசந்தின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது!

பாவி, அவன் பதறவே இல்லை. தாடியை எடுத்தான். பொறுமையாக என் முகத்தில் ஒட்டினான். தலையில் கைவைத்து ஆசீர்வதித்தான்.

"காட்டிக் குடுத்தவன் மேலயும் எம்புட்டு எரக்கம் பாரு!" என்றது ஒரு குரல். கைதட்டல் அடங்கவே இல்லை. சிலர் அழுதார்கள்.

நாடகம் முடிந்ததும் வேடம் கலைக்காமலே கூட்டத்துக்குள் இறங்கினேன். திட்டு வாங்கத்தான். எதிரே காய்கறிக்கடை ஜெபமாலையம்மாள். அவர் வாயில் விழுந்தால் போதும், ஊர் முழுக்கப் பேர்.

"ராபினு, இந்தா மோரு குடி. மொகமெல்லாம் வேர்த்துருச்சேப்பா."

"அத்தை, நான் யூதாசு!"

"இருந்துட்டுப் போ. ஆண்டவரே மன்னிச்சிட்டாரு, நான் யாரு?"

"ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க அத்தை!"

யோசித்தார். முகம் சிவந்தது. என் நெஞ்சு துள்ளியது. அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

"ஏ ரீட்டா! இங்கிட்டு வா! இந்த அப்பிராணிக்குப் போயி இப்புடி ஒரு வேசத்தக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் வெளங்குவியா?"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. டீச்சர் கைகட்டித் தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். என் விருதை, முழுசாக.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருசம் ஒனக்கு வேற வேசம்டா. பேதுரு இயேசுவத் தெரியாதுன்னு மறுதலிக்கையில சேவல் கூவுமுல்ல? அந்தச் சேவலு நீதான்."

"மேடையில எந்தப் பக்கம் நிக்கணும் டீச்சர்?"

"திரைக்குப் பின்னாடி. மைக்கு தாரேன்."