கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்

ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தான். இரண்டு டப்பாக்களில் சாப்பாடு கட்டினான். குட்டிக்கு மாத்திரை கொடுத்து, அவள் விழுங்கும்வரை நின்றான். குட்டி அவன் மனைவியின் தங்கை. வயது இருபத்தாறு, எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள். மனைவி இறந்து எட்டு மாதம். எட்டு மாதமாக இதே வேலை, இதே வரிசை.

கவர் ஒட்டும் பட்டறைக்கு வேலைக்குக் கிளம்பிய குட்டி செருப்பை மாட்டும்போது மாமியார் வந்து வாசலை மறித்தார்.

“இனிமே இவ அந்தப் பட்டறைக்குப் போக வேணாம் மாப்ள. நேத்து அங்க கவர் ஒட்டுற பையன் இவளக் கட்டிப்புடிச்சானாம். பட்டறை மேடம் போன் பண்ணாங்க. எல்லாம் உங்க பொண்டாட்டி நடத்துன பாடத்தோட லட்சணம்.”

மனைவி அந்தப் பட்டறையில் குட்டியைப் போன்றவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பாடம் எடுத்தாள். உடம்பின் உறுப்புகளுக்குப் பெயர் என்ன, யார் எங்கே தொடலாம், பிடித்தவரிடம் எப்படிச் சொல்வது, வேண்டாம் என்று எப்படி மறுப்பது. அவளோடு அந்தப் பாடமும் நின்றுபோயிற்று.

பாடத்துக்கான ஒத்திகை வீட்டில் இந்தக் கூடத்தில்தான் நடக்கும். “குட்டி, கட்டிப்புடிக்கட்டுமா?” என்று அவன் கையை விரித்துக் கேட்க வேண்டும். “இன்னிக்கு மூடு இல்ல மாமா” என்பாள் குட்டி. விரித்த கையோடு சோளக்கொல்லை பொம்மைபோல நிற்பான். மனைவி சிரித்துப் புரையேறி, “அவ சொன்னா சொன்னதுதான், கையக் கீழ போடுங்க” என்பாள்.

இப்போது அவன் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். “அவன் உன்னக் கேட்டானா?”

“கேட்டான். சரின்னேன். நானும் கேட்டேன், அவனும் சரின்னான்.” செருப்பு வாரைப் பார்த்தபடியே சொன்னாள்: “வேன் ஓட்டுற அண்ணன்தான் கேக்க மாட்டாரு. சட்டைக்குள்ள கை விடுவாரு.”

மாமியார் வாசலை விட்டு உள்ளே வந்தார். “ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“நீதான அதெல்லாம் பேசக் கூடாதுன்ன. அண்ணன் சொன்னாக் கேக்கணும், வேன்ல சத்தம் போடக் கூடாதுன்ன.”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. வேனுக்குள் பட்டறைக்குப் போகிற இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இறங்கிப் போய்ச் சாவியை உருவிக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தான்.

நிலையத்தில் பெண் அதிகாரி கேட்டபோது, எந்த உறுப்பு, எத்தனை முறை என்று குட்டி தடுமாறாமல் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் மனைவி சொல்லிக்கொடுத்தது. நிறுத்தி மூச்சு விடும் இடம்கூட அவளுடையது. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது மாமியார் மெதுவாகப் பேசினார். “இவளுக்கு ஒண்ணும் தெரியாம இருந்தாத்தான் பத்திரம்னு நெனச்சேன் மாப்ள. அது அந்தப் பாவிக்குத்தான் வசதியாப் போச்சு. இந்த மாதிரி புள்ளைங்களுக்குத்தான் மொதல்ல சொல்லிக்குடுக்கணும். வேற டீச்சரத் தேடுங்க, அந்தப் பாடம் மறுபடி நடக்கட்டும்.” பிறகு மகளிடம் திரும்பி, வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டார்: “நாளைக்கு என்ன பண்ணலாம்னு இருக்க?”

குட்டி யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“வேலைக்குப் போறேன். மத்தியானம் கவர் ஒட்டுற அந்தப் பையனோட சேந்து சாப்புடறேன்னு சொல்லியிருக்கேன்.”