காலிக் கட்டில்

"நாளைக்குள்ள உன் சாமானையெல்லாம் ஒழிச்சு வெச்சுடுடி. அம்மா வர்றாங்க" என்றாள் மைக்கு, கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரியபடியே.

துணி மடித்துக்கொண்டிருந்த அலாரம் நிமிர்ந்தாள். "எல்லாத்தையுமா?"

"ரெண்டு நாளைக்குத்தானே! அம்மாவுக்கு முட்டி வலி, கீழே படுக்க முடியாது. உன் கட்டில்ல படுக்கட்டும். நீ மாடியில ஜூனியருங்க ரூம்ல இருந்துக்கோ. எனக்காகடி."

எனக்காக என்று மைக்கு கேட்டு அலாரம் எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறாள்? விடிவதற்குள் எழுந்து விடுதியையே எழுப்பிவிடுகிறவள் என்பதால் அலாரத்துக்கு அந்தப் பட்டப்பெயர். மேடை கிடைத்தால் இறங்க மாட்டாள் என்பதால் மைக்குவுக்கு இந்தப் பெயர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே அறை, ஒரே குக்கர். சோறு வெந்ததும் முதல் தட்டோடு வந்து நிற்பவள் மைக்குதான். அலாரத்தின் அம்மா ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்கிறாள். செத்துப்போன பெண்களைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுக்கும் வேலை. பாட்டிக்கும் அதே வேலைதான். அவர்கள் தெருவுக்காரர்கள் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இதைச் சொல்லி அலாரம் அழுத அன்று, "போடி பைத்தியம், எந்தக் காலத்துல இருக்காங்க அவங்க?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டவளும் மைக்குதான்.

ஆகவே அலாரம் சாமான்களை மூட்டை கட்டி மாடிக்கு ஏற்றினாள். மைக்குவின் அம்மாவுக்காகப் புது விரிப்பு விரித்து, தலையணைக்கு உறைகூட மாற்றிவிட்டுப் போனாள். நல்லவேளை, அலாரத்துக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

மறுநாள் சாயங்காலம், மறந்துவிட்டுப்போன போன் சார்ஜரை எடுக்க வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மைக்குவின் அம்மா குரல்.

"இந்தக் கட்டில்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. காலியாத்தான் கெடக்கு."

"நெசமாத்தானே? கண்ட கண்ட ஜனமெல்லாம் படிக்க வருதுங்க. உன்கூட எதையாவது போட்டுடப் போறாங்களேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. குக்கரு?"

"என்னோடதுதாம்மா. யாரையும் தொட விடறதில்ல."

அலாரம் வெளியிலேயே நின்றுவிட்டாள். முட்டி வலியுமில்லை, முதுகு வலியுமில்லை. இத்தனை நாள் கூடத் தின்று, கூடப் படுத்து, கூடச் சிரித்தவள், யாருமில்லை என்று ஒரே வார்த்தையில் அவளைத் துடைத்துப் போட்டுவிட்டாள். அந்த அம்மாள் பேசியது பெரிதாகத் தோன்றவில்லை. அப்படிப் பேசுகிறவர்களைப் பிறந்ததிலிருந்து பார்த்தாயிற்று. சார்ஜரை எடுக்காமலே திரும்பி நடந்தாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மாற்றுக்கருத்து மன்றம் கூடியது. பல்கலைக்கழகத்தில் அது லேசுப்பட்ட இடமில்லை. கடவுள் உண்டு என்பவன், இல்லை என்பவன், நிறத்தை வைத்துச் சண்டை போடுகிறவன், மொழிக்காக உயிரை விடுகிறவன் எல்லோரும் வந்து கூடி, அடித்துக்கொள்ளாமல் பேசிவிட்டுப் போகிற ஒரே கூடம் அது. அன்று பேச்சாளர் மைக்கு. முன் வரிசையில் அவள் அம்மா, முகமெல்லாம் பூரிப்பு.

"பிறப்பை வெச்சு மனுஷனை அளக்கிறவங்ககூட ஒரு வாய்த் தண்ணி குடிக்க எனக்குக் கூசுது!" என்று மைக்கு முடித்ததும் கூடமே கைதட்டியது. அம்மாவும்தான் தட்டினாள். பெண் பரிசு வாங்கப் பேசுகிறாள், பேசட்டும். மேடைப் பேச்சு வீட்டுக்குள்ளா வரப்போகிறது?

"எதிர்த்தரப்பு யாரு?" என்று கேட்டார் தாடிப் பேராசிரியர். அந்த மன்றத்தில் ஒரு விசித்திர விதி உண்டு. எதிர்த்தரப்பில் பேசுகிறவர் தனக்குக் கொஞ்சமும் ஒப்பாத பக்கத்தைத்தான் எடுத்துப் பேச வேண்டும். கேலி கூடாது. அந்தப் பக்கத்தார் கேட்டால், எங்கள் மனசில் இருப்பது இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அலாரம் எழுந்து போனாள். மைக்குவின் முகம் வெளிறியது.

"நாங்க கெட்டவங்க இல்லீங்க" என்று ஆரம்பித்தாள் அலாரம். "தெருவுல யாருக்காவது முடியலன்னா முதல்ல ஓடுறது நாங்கதான். யாரையும் அடிச்சதில்ல, வெரட்டினதில்ல. எங்களுக்கு வேண்டியதெல்லாம் எங்க பாத்திரம் எங்களோட இருக்கணும், அவ்வளவுதான். எங்கம்மா எனக்குச் சொன்னதை நான் என் பொண்ணுக்குச் சொல்றேன். அதை விட்டுட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது, அந்தப் பயம் உங்களுக்குப் புரியாது. எங்க பொண்ணுங்க வெளியில என்ன வேணா பேசட்டும். நாங்க வந்து நிக்கிறப்போ, நாங்க கேக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒழிச்சு வெச்சிருப்பாங்க. அந்தத் தங்கமான குணம் போதும் எங்களுக்கு."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில், அந்த விதி புரியாத மைக்குவின் அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் அவளே தேடி வந்து அலாரத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் வயித்துக்குள்ள பூந்து பாத்த மாதிரி பேசினியே கண்ணு! எந்த ரூம்ல இருக்க நீ? எங்க பொண்ணு ரூம்ல ஒரு கட்டில் சும்மாத்தான் கெடக்கு. நீ வந்து இருந்துக்கோயேன். எனக்கும் நிம்மதியா இருக்கும்."

அலாரம் மைக்குவைப் பார்த்தாள். சொல்லுடி, இப்பவாவது சொல்லு. மைக்கு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் கட்டில்தாம்மா" என்றாள் அலாரம். "முதல் நாள்லேருந்து நான்தான் அதுல படுக்கிறேன். எங்கம்மா பிணவறையில வேலை செய்யறாங்க."

"விளையாடறாம்மா!" என்று மைக்கு பாய்ந்து வந்தாள். "இவ எப்பவுமே இப்படித்தான், எதையாவது மாத்திப் பேசிக்கிட்டே இருப்பா."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள், அலாரத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்குப் பெண்ணின் பொய் தெரியாதா? பிடித்திருந்த கைகளை விட்டுவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள்.

அலாரம் மூட்டையோடு தன் அறைக்கு வந்தாள். கட்டிலில் இருந்த மைக்குவின் அம்மா பெட்டியைப் பத்திரமாக ஓர் ஓரமாய் இறக்கி வைத்தாள். குக்கரில் மூன்று பேருக்கு அரிசி போட்டாள்.

சோறு வெந்து வெகுநேரம் கழித்து மைக்கு மட்டும் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மா லாட்ஜுக்குப் போயிட்டாங்க. திருப்தியா உனக்கு?" என்றாள் அம்மாவின் பெட்டியைத் தூக்கியபடி. "ரெண்டே ரெண்டு நாள், அது பொறுக்கலையே! எவ்வளவு நம்பினேன்டி உன்னை. இப்படித் துரோகம் பண்ணிட்டியே!"

அலாரத்துக்குச் சிரிப்புதான் வந்தது. எழுந்து ஒரு தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் நீட்டினாள்.

"சாப்பிடு."

மைக்கு தட்டைப் பார்த்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"பசிக்கல" என்றாள்.

அலாரம் தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.