பீன்ஸ் முத்திரை

ஆறு காகிதக் கோப்பைகளில் மூன்று சரியில்லை. லோர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கடையில் வாங்கிய மண்ணில் முளைத்த மூன்று பீன்ஸ் செடிகளும் இலையைத் தட்டையாக விரித்து நின்றன. அவர்களுடைய ஏழாம் குவியலின் உரத்தில் முளைத்த மூன்றிலும் விதையிலைகள் நன்றாகத்தான் இருந்தன. அதற்குமேல் வந்த இலைகள் மட்டும், தண்ணீர் ஏந்தும் உள்ளங்கைபோல ஓரம் சுருண்டு உள்நோக்கி வளைந்திருந்தன. நுனிக் கொழுந்து விரியவே இல்லை.

"தண்ணி அதிகமாயிருக்குமோ?" என்றாள்.

"ஆறுக்கும் ஒரே தண்ணி, ஒரே ஜன்னல். ஊத்தினதும் நீங்கதான், பாஸ்." டுவைட் கதவோரம் நின்று கையுறையை உருவிக்கொண்டிருந்தான். பத்திரத்தில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு. அவளைச் சீண்ட வேண்டும்போல் இருக்கும்போது மட்டும் பாஸ் என்பான்.

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் லோர்னா மாக்கி. தினமும் மதியம் தட்டுத் தட்டாகச் சாப்பாடு குப்பைத்தொட்டியில் விழுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அந்தத் தொட்டியையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள். அங்கிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தொழில். டுலூத் நகரத்தில் முந்நூறு வீடுகளிலிருந்தும் இரண்டு உணவகங்களிலிருந்தும் மூடிபோட்ட வாளிகளில் சமையலறைக் கழிவைச் சேகரித்து, ஏரியைப் பார்த்த மேட்டில் குவித்து, உரமாக்கி மூட்டை கட்டி விற்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுத்தால் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத்தான் எடுப்பது என்பது இருவரும் முதல் நாளே பேசிக்கொண்டது. டுவைட்டும் அப்படி வந்தவன்தான்.

உரக்குவியல் என்பது மெதுவாக எரிகிற அடுப்பு மாதிரி. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த சருகோ வைக்கோலோ சேர்க்க வேண்டும். சருகு குறைந்தால் நாறும், கூடினால் தூங்கிவிடும். அளவு சரியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் தின்று தின்றே அதைச் சூடேற்றும். ஏரி உறைந்து கிடக்கும் ஜனவரியில்கூட, மேலே பனியும் உள்ளே நூற்று ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுமாகக் குவியல் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் களை விதை சாகும், நோய்க்கிருமி சாகும், எலும்பின் நாற்றம்கூடச் செத்துப்போகும். நீண்ட வெப்பமானியைக் குவியலுக்குள் செருகி முள் ஏறுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் லோர்னாவுக்கு இந்த ஊரில் கிடையாது. அந்தச் சூடு எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும் என்று அவள் நம்பியிருந்தாள்.

போன அக்டோபரில் சருகு விழுவதற்குள் பனி விழுந்துவிட்டது. சருகில்லாமல் தவித்தபோது குதிரைக் கொட்டில் வைத்திருந்த ரால்ஃப் சுண்ட்பி, சாணமும் மிச்ச வைக்கோலும் இருக்கிறது, அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். எந்த வயல் வைக்கோல், என்ன தெளித்தார்கள் என்று கேட்போமா என்றான் டுவைட். "வைக்கோல் வைக்கோல்தானே" என்று லோர்னா வேனைக் கிளப்பிவிட்டாள்.

இப்போது ரால்ஃபைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் வைக்கோல் விற்ற விவசாயியை அழைத்துக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். முள்செடி மண்டியதால் வைக்கோலுக்கு வளர்த்த புல்வயலுக்குக் களைக்கொல்லி அடித்தது உண்மைதான். புல்லுக்கும் குதிரைக்கும் ஒன்றும் செய்யாது என்று டப்பாவிலேயே போட்டிருந்ததாம்.

போட்டிருந்ததும் பொய்யில்லை. அந்த மருந்து அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்வது. புல் அதை உறிஞ்சிக்கொண்டு பச்சையாகவே நிற்கும். குதிரை தின்னும், அதன் குடல் வழியாக அப்படியே வெளியே வரும். குவியலின் சூடும் அதை ஒன்றும் செய்யாது. கடைசியில் யாரோ ஒருவர் தொட்டியில் தக்காளி நடும்போதுதான் விழித்துக்கொள்ளும். செடியைக் கெடுக்க ஒரு மூட்டைக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் ஏகப்பட்ட காசு கேட்கும். ஆனால் ஒரு பீன்ஸ் விதையே போதும். அந்த மருந்துக்கு முன்னால் பீன்ஸ் அவ்வளவு நோஞ்சான். அதனால்தான் ஒவ்வொரு குவியலுக்கும் மூன்று வாரம் பீன்ஸ் முளைக்கவிட்டுப் பார்த்து, இரண்டாவது அடுக்கு இலை நேராக வந்த பிறகே மூட்டைச் சீட்டில் பச்சை மையில் ஒரு பீன்ஸ் முத்திரை குத்துவது என்ற வழக்கத்தை அவளே கொண்டுவந்திருந்தாள்.

"பெவ்வோட சர்ச்சுக்குப் பன்னண்டு மூட்டை போச்சே," என்றான் டுவைட். "அது ஏழாம் குவியல்தானே? அதுல முத்திரை இருந்துச்சு. நான் குத்தல."

லோர்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "நான்தான் குத்தினேன். அவங்க நாத்தை மாத்தி நடணும்னு அவசரப்பட்டாங்க. விதையிலை நேரா வந்திருந்துச்சு. நாலு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினதில்ல, அதான்..."

டுவைட் கையுறையை மடித்துப் பையில் வைத்தான். "ஒரு செக்குல இன்னொருத்தர் கையெழுத்தைப் போட்டுட்டு மூணு வருஷம் உள்ள இருந்தேன் நான். ரொம்பச் சின்ன வேலை. அரை நிமிஷம்கூட ஆகல." அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சனிக்கிழமை?" என்றான் பிறகு.

சனிக்கிழமை வசந்தகால விற்பனை. நானூறு மூட்டையும் ஏழாம் குவியல். அது விற்றால்தான் ஜூன் முதல் தேதி சிறையிலிருந்து வெளியே வரும் கர்ட்டிஸுக்கு வேலைக் கடிதம் கொடுக்க முடியும். அந்தக் கடிதம் இல்லையென்றால் அவனுக்குத் தங்க இடமும் இல்லை.

"விக்கப்போறதில்ல. மூட்டையைப் பிரிக்க ஆரம்பி. நான் பெவ்வைப் பாத்துட்டு வரேன்."

சர்ச்சின் நிலவறையில் நீளமான விளக்குகளுக்கு அடியில் முந்நூறு தக்காளி நாற்றுகள். அறுபது குடும்பங்களின் தோட்டத்துக்குப் போக வேண்டியவை. முப்பது வருடம் இந்த மேடுகளில் தபால் சுமந்த பெவ் டோலஃப்சன் கால்மேல் கால் போட்டு அவற்றின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நாற்றுகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. வாசலிலிருந்தே தெரிந்தது. முந்நூறும் பெரணிக் கொழுந்துபோலச் சுருண்டு கிடந்தன.

"வா, காப்பி இருக்கு. ஏலக்காய் ரொட்டி இருக்கு, எடுத்துக்கோ. இதையெல்லாம் பாக்காத, கண்றாவி," என்றாள் பெவ். "விளக்கை மாத்தினேன். தண்ணியைக் குறைச்சேன். காத்தாடி வச்சேன். வயசாயிடுச்சுல்ல, கை நிதானம் போயிடுச்சு. கமிட்டிக்குச் சொல்லிட்டேன், அடுத்த வருஷம் வேற யாராவது பாத்துக்கட்டும்னு."

லோர்னா ரொட்டியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. பெவ் கெட்ட நாற்றை வீசிவிட்டு, தன்னையே நொந்துகொண்டு, தோட்டச் சாவியையும் யாரிடமாவது கொடுத்துவிடுவாள். லோர்னா கைப்பையிலிருந்து பீன்ஸ் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் செய்யல, பெவ். என் உரம் செஞ்சது. சோதிச்சு முடிக்காமலே முத்திரை குத்தி உங்களுக்கு அனுப்பினேன்."

பெவ் கோப்பையைப் பார்த்தாள். நாற்றைப் பார்த்தாள். மறுபடி கோப்பையைப் பார்த்தாள்.

"அந்த ரொட்டியைக் கீழ வை," என்றாள்.

லோர்னா வைத்தாள்.

"பத்து நாளா ஒவ்வொரு செடிகிட்டயும் போய் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்டி நான். பாட்டுகூடப் பாடிப் பாத்தேன். பாட்டு! என் குரல் எப்படின்னு உனக்குத் தெரியும்ல?" பெவ் எழுந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசி விளக்கில் கை நின்றது. "என்னதான் ஆச்சு? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு."

வயலிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து குவியலுக்கும், குவியலிலிருந்து தொட்டிக்கும் மருந்து நடந்து வந்த வழியை லோர்னா சொன்னாள். சொல்லச் சொல்ல, கோபம் குறையாமலே பெவ்வுக்கு ஆர்வம் வந்துவிட்டது. குதிரைக்கு ஒன்றும் ஆகாதா, சோளம் நட்டால் வருமா, எத்தனை வருடம் மண்ணில் இருக்கும் என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். சோளமும் புல்தான், வரும் என்றாள் லோர்னா. எத்தனை வருடம் என்பது தனக்கே சரியாகத் தெரியாது என்றும் சொன்னாள்.

"முந்நூறு நாத்து," என்றாள் பெவ்.

"தேடிக் கொண்டுவரேன்."

"கொண்டுவருவ. அதோட அந்த முத்திரைக்கட்டை. அது இனிமே என்கிட்ட இருக்கும். உன் கடையில உரம் வாங்கறவ நான். விக்கிறவ கையில எதுக்கு அது?"

லோர்னா யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை என்பது சற்று வெட்கமாகவே இருந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கோங்க," என்றாள்.

அந்த வாரம் முழுக்க வேன் கழிவு சேகரித்த நேரம் போக, நாற்றங்கால் நாற்றங்காலாக அலைந்தது. நூற்றெண்பது நாற்று கிடைத்தது. ஏழாம் குவியலை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. விற்கவும் முடியாது, ஏரிப் பக்கம் கொட்டவும் மனம் வராது. புல் அதைத் தாங்கும் என்பதிலிருந்து டுவைட் யோசித்தான். பேஸ்பால் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் போய், வழுக்கை விழுந்த தரைக்கு இலவச உரம், ஒரே ஒரு நிபந்தனை, வெட்டும் புல்லை வெளியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அங்கேயே மக்க விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவந்தான்.

"என் சொந்தக் கையெழுத்துதான் போட்டேன்," என்று காகிதத்தை நீட்டினான். அந்த வாரத்தில் லோர்னா சிரித்தது அதற்கு மட்டும்தான்.

"கர்ட்டிஸுக்கு என்ன சொல்ல?" என்றான்.

"வரச் சொல்லு. நானூறு மூட்டை உரத்தை மைதானத்துல பரப்ப ஆள் வேண்டாமா? கடிதம் இன்னைக்கே எழுதிடறேன். ஒரு வருஷத்துக்கு நாம ரெண்டு பேரும் பாதிச் சம்பளம் எடுத்துக்குவோம். என்ன சொல்ற?"

"என் பாதி ஏற்கெனவே பாதி மாதிரித்தான் இருக்கு, பாஸ். சரி, எழுதுங்க."

சனிக்கிழமை மேசையில் மூட்டையே இல்லை. ஆறு கோப்பைகளையும் வரிசையாக வைத்து, ஏழாம் குவியல் விற்பனைக்கு இல்லை, காரணத்தை நீங்களே பாருங்கள் என்று பலகையில் எழுதியிருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். முன்பே முத்திரை குத்தியதையும் விடாமல் சொன்னாள். நான்கு வருடமாக வாளி கொடுத்த ஒரு குடும்பம் அங்கேயே நிறுத்திக்கொண்டது. இரண்டு பேர் காது கொடுக்காமல் நடந்தார்கள். ஒரு கிழவர் கோப்பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, எட்டாம் குவியலில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். கழிவும் தோட்டச் சருகும் மட்டும், குதிரை வாசனையே கிடையாது, ஆனாலும் பீன்ஸ் சொல்லும்வரை நான் சொல்லமாட்டேன் என்றாள். அவர் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் எண்ணியபோது அப்படி முப்பத்தொன்று பெயர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டகை ஜன்னலில் ஏரி வெளிச்சம் விழுந்திருந்தது. எட்டாம் குவியலின் மூன்று கோப்பைகளிலும் மண் வெடித்திருந்தது. பீன்ஸ் முளை தலையை முதலில் நீட்டுவதில்லை. கழுத்தை வில்லாக வளைத்து, முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். விதை இன்னும் உள்ளேயே இருக்கும். பெவ் தபால்காரிக் கோட்டை மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்க, கோப்பையின்மேல் குனிந்திருந்தாள். முத்திரைக்கட்டை கோட்டுப் பையில் புடைத்துத் தெரிந்தது.

"நேராத்தானே வருது?" என்றாள் லோர்னா.

"கழுத்துதான் வந்திருக்கு. இலை வரட்டும்," என்றாள் பெவ். நிமிராமலே, தான் கொண்டுவந்திருந்த ஏலக்காய் ரொட்டிப் பொட்டலத்தை லோர்னா பக்கம் தள்ளினாள்.

நடுக் கோப்பையில் வளைந்த கழுத்தின்மேல் ஒரு மண்துகள் உட்கார்ந்திருந்தது. டுவைட்டும் பக்கத்தில் வந்து குனிந்தான். மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சரிந்து விழுந்தது.