தெப்பத்தில் போகிறவன் எப்படிச் சொல்லிக்கொள்வான்?

1

இந்தக் கதை ஒரு பரீட்சைக் கேள்வியிலிருந்து வந்தது. வேறெங்கிருந்தோ வந்ததாகச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் உண்மை இதுதான். ‘அந்த அமெரிக்க நாவலில் சுதந்திரம் என்னும் கருப்பொருளை ஆராய்க.’ பதினைந்து மார்க். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான்கு பக்கம் எழுதினேன். பேராசிரியர் ‘நன்று’ என்று போட்டார். கோயமுத்தூரிலிருந்து ஊருக்குப் போகிற பஸ்ஸில், அந்த ‘நன்று’ மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நாவலின் பெயர் வேண்டாம். சொன்னால் நீங்களும் மார்க் போட ஆரம்பித்துவிடுவீர்கள். ஓர் அடிமை, ஒரு பையன், ஒரு பெரிய ஆறு. இரண்டு பேரும் தப்பித்து ஆற்றோடு மிதந்து போகிறார்கள். கடைசியில் பார்த்தால், எஜமானி சாகும்போதே அடிமையை விடுவித்து எழுதிவைத்திருக்கிறாள். அது தெரிந்த ஒருத்தன் வேடிக்கைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறான். அடிமைக்கோ அவன் மேல்கூடக் கோபமில்லை, நன்றிதான். [இந்த நன்றிதான் எனக்குத் தொண்டை முள்.]

அவர்கள் மிதந்து போன கட்டைகளுக்கு அகராதி ‘தெப்பம்’ என்று பொருள் சொன்னது. கதை அந்தச் சொல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

2

முதல் தொடக்கம்: ‘பெரியநாயக்கன்பாளையத்து மலை மேல் பொழுது கிளம்பியபோது பொன்னாத்தாள்—’

(மலை மேற்கே இருக்கிறது. பொழுது அங்கே கிளம்பாது. அழி.)

இரண்டாவது: ‘பொன்னாத்தாள் ஓர் அடிமை. அவள்—’

(விட்டுவிட்டேன். அவள் காதில் விழுந்தால் என்னை அடிப்பாள். அவளும் புருஷன் மாரப்பனும் செங்கோடக் கவுண்டர் பண்ணையத்தில் வருஷத்துக்கு நிற்கிற ‘ஆள்’. ஆள் என்றால் மனுஷன் என்றும் அர்த்தம். நம் மொழிக்குக் குசும்பு ஜாஸ்தி.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: அது 1934. பைக்காராவிலிருந்து கரண்ட் வந்து, கோயமுத்தூரைச் சுற்றி மில்லாக முளைத்துக்கொண்டிருந்த காலம்.

3

கவுண்டரின் மகள் சென்னியம்மாள் மிஷன் பள்ளியில் படித்தவள். மெட்ராஸில் படிக்கும் அண்ணன் தம்பிதுரை அனுப்பிய அந்த நாவலை, மத்தியானங்களில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி வாசித்துத் தமிழில் சொல்வாள். கேட்பதற்கு இருந்தவள் ஒருத்திதான். வாசலில் உட்கார்ந்து பருத்தியில் சருகு பொறுக்குகிற பொன்னாத்தாள்.*

* முப்பதுகளில் இது நடக்குமா என்று கேட்காதீர்கள். ராஜகுமாரன் கிளியோடு பேசியபோது கேட்டீர்களா?

அந்த அடிமைக்காகச் சென்னியம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்த கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கெட்டவள் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“அப்பறம் ரண்டு பேரும் தெப்பத்துல ஏறிப் போயிட்டாங்க பொன்னா.”

பொன்னாத்தாள் சிரித்துவிட்டாள். “தெப்பத்துலீங்களா? அது சாமி உக்காருற எடமாச்சுங்களே அம்மணி. எங்காளுகள அந்தத் தண்ணிப் பக்கமே உடமாட்டாங்க.”

இது கோயில் தெப்பம் இல்லை என்று சென்னியம்மாள் விளக்கினாள். விளக்கு கிடையாது, மேளம் கிடையாது. குளத்தைச் சுற்றாது, தண்ணி போகிற பக்கம் போகும்.

“சுத்திப்போட்டு மறுக்கா படிக்கு வந்து நிக்காதுங்களா?”

“நிக்காது. போனது போனதுதான்.”

பொன்னாத்தாளின் கை பருத்திக்குள்ளேயே நின்றது. “அப்ப எப்படிங்கம்மணி சொல்லிக்கிட்டுப் போவாங்க?”

சென்னியம்மாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அங்கே பதில் இல்லை. என் விடைத்தாளிலும் இல்லை.

4

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. அது சாவுச் சொல். ‘போயிட்டு வாரேன்’ என்கிறோம். செங்கோடக் கவுண்டர் பண்ணையத்தில் இந்த ‘வாரேன்’ இன்னும் கனமானது. வருஷக் கெடு முடிந்து விலகுகிற ஆள் குடும்பத்தோடு வாசலில் நின்று, ‘போயிட்டு வாரமுங்க’ என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் எங்கே போனாலும் அந்தக் குடும்பம் பண்ணையத்து ஆள்தான். அறுப்புக்குக் கூப்பிட்டாலும் இழவுக்குக் கூப்பிட்டாலும் வந்து நிற்கவேண்டும். அப்படிச் சொல்லிவிட்டுப் போன சின்னான் என்ற ஆளின் மகளை ஆடு மேய்க்கத் திரும்பக் கூட்டிவந்தார்கள். வாரமென்று நீதானே சொன்னாய் என்று கவுண்டர் கேட்டாராம், சத்தம்கூடப் போடாமல்.

சொல்லிக்கொள்ளாமல் ஓடியவன் ஒருத்தன் உண்டு, மாரப்பனின் தம்பி மாசாணம். இப்போது சிங்காநல்லூரில் மில்லு வேலை. ஊருக்குள் கால் வைக்க முடியாது. பெற்றவள் செத்தபோது எட்டத்தில் காட்டுக்குள் நின்று, குழியில் மண் தள்ளுவதைத்தான் பார்த்தான். சந்தையில் பொன்னாத்தாளைக் கண்டபோது அதையெல்லாம் பேசவில்லை. “சங்கு ஊதுனா வேல முடிஞ்சுது அண்ணி. அதுக்கு மேல உன்னைய ஒருத்தன் ஏய்னு கூப்புட முடியாது,” என்றான். வா என்று அவன் சொல்லவேயில்லை. மாரப்பன் அன்றைக்கே போகலாம் என்றுவிட்டான்.

பொன்னாத்தாளுக்குச் சின்ன மகள் ஒருத்தி, பூவாத்தாள். ‘வாரமுங்க’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குள் அவளும் அடக்கம். ‘போறமுங்க’ என்றால் பொறம்போக்கில் போட்ட சாளைக் குடிசை முதல் பெரியவர்களைப் புதைத்த இடம் வரை எல்லாம் போய்விடும். ஒரு சொல்லில் ஒரு குழந்தை தொங்குகிறது. இதற்கு மேல் இந்தக் கதையில் சஸ்பென்ஸ் கிடையாது.

5

இங்கே ஒரு சண்டை. எனக்கும் பொன்னாத்தாளுக்கும்.

அவளுக்காக ஒரு பக்க வசனம் எழுதினேன். ‘இந்த மண்ணில் விழுந்த என் வியர்வை ஒருநாள்—’ பேசமாட்டேன் என்றுவிட்டாள். எழுதிப் பார்த்தால் அவள் வாய்க்கு ஒட்டவேயில்லை. அவளிடம் இருந்தது நன்றி. பிரசவத்தில் ஜன்னி கண்டபோது கவுண்டர் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சென்னியம்மாள் கதை சொன்னாள். அதெல்லாம் நடக்காததுபோல் பேச அவளுக்கு வரவில்லை. எனக்கோ ஆத்திரம். உன் மேல் ஏறி மிதிக்கிறவர்களுக்கு எதுக்கு நன்றி என்று பக்கத்தின் ஓரத்தில் கிறுக்கினேன். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

பிறகு அந்த மத்தியானத்துக்கே திரும்பிப் போனேன். இந்தக் கெடுவோடு விலகப்போகிற பொன்னாத்தாள் இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் அடுத்த பத்திக்கு ஓடிவந்துவிட்டேன். இதோ:

“கதை சொன்னீங்க. எம்மனசுக்கு அத்தன நல்லா இருந்துச்சுங்க அம்மணி. அதுக்கோசரம் நானு திரும்பி வரோணுமுங்களா?”

“நீ போயிட்டா நானு ஆருக்குச் சொல்றது?”

“செவுத்துக்குச் சொல்லுங்க. அது எங்கயும் போவாது.”

சென்னியம்மாள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

நன்றி வேறு, திரும்பி வருவது வேறு. நாலு பக்கத்தில் எனக்கு வராத விடை. நாவலில் வருகிற அந்த மனுஷனின் நன்றியையும் இப்போது என்னால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

6

முடிவு அ: சென்னியம்மாள் அப்பன் காலில் விழுந்து கெஞ்ச, கவுண்டர் மனமிரங்கி விடுதலை கொடுக்கிறார்.

(இது அமெரிக்க முடிவு. கொடுத்த கை மேலே, வாங்கிய கை கீழே. கிழித்தாயிற்று.)

முடிவு ஆ: ஓடிப்போகிறார்கள்.

(“நானென்ன களவாணியா?” என்றாள் பொன்னாத்தாள். சரி தாயே.)

முடிவு இ: கெடு முடிந்த காலை. மாரப்பன் தலையில் மூட்டை. பூவாத்தாள் கையில் சட்டி. கவுண்டர் தொட்டியில் காளைகளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். சென்னியம்மாள் நிலைப்படியில் நின்றாள்.

பொன்னாத்தாள் கும்பிட்டாள். “சீக்கு வந்தப்ப வண்டி கட்டுனீங்க பண்ணாடி. சாகுறமுட்டும் மறக்கமாட்டனுங்க. அம்மணி, நீங்களும் நல்லா இருக்கோணும்.” நிமிர்ந்தாள். “போ—”

தண்ணி குடித்த காளை தலையை உதறியது. கழுத்து மணி அத்தனையும் குலுங்கியது.

“—முங்க.”

கவுண்டருக்கு ‘போயிட்டு வாரமுங்க’ என்று கேட்டது. அவர் காதுக்கு வேறு கேட்டுப் பழக்கமில்லை. தலையை ஆட்டினார். சென்னியம்மாளுக்கு ‘போறமுங்க’ என்று கேட்டது. அப்பனைப் பார்த்தாள். திருத்தவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்த இன்னொருத்தி. ஆனால் இவள் வேடிக்கைக்காகச் சும்மா இருக்கவில்லை. அவளுக்கும் என் நன்றி. கோபம் தீராமலேயே சொல்கிறேன்.

முதலில் ‘போ’. கடைசியில் ‘முங்க’, மரியாதை குறையாமல். நடுவில் உள்ளதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். மார்க் கிடையாது.

7

பொன்னாத்தாள் எனக்கு உறவில்லை. நான் உண்டாக்கிய ஆள். ஆனால் எவளோ ஒருத்தி அப்படி ஒரு வாசலில் வாயைத் திறக்கப்போய்த்தான் நான் காலேஜுக்கு பஸ் ஏறினேன். அவள் பேர் எனக்குத் தெரியாது. அதனால் இந்தப் பேரில் சொல்லிவிடுகிறேன்: நல்லா இரு பொன்னா.

வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியைத் தாண்டி மில்லு ரோட்டில் ஏறியதும் பூவாத்தாள் கேட்டாள்: “மணிச் சத்தத்துல கேக்கலம்மா. என்னன்னு சொன்னே?”

பொன்னாத்தாள் குனிந்து மகள் காதில் சொன்னாள். குழந்தை நின்றது. பண்ணையம் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு சட்டியைக் கை மாற்றிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது.